தாழியில் பிறக்காத புழு

எங்கள் முற்றத்தில் பாதி உடல் மண்ணுக்குள் புதைந்து நிற்கும் தாழி 1871இல் சுட்டது. அதன் தோளில் ‘அரெடொண்டோ’ என்று எங்கள் குடும்பப் பெயர் பதிந்திருக்கிறது. எங்கள் காமகுவே நகரத்தில் தாழி இல்லாத பழைய வீடு கிடையாது. ஆனால் பல வீடுகளில் அது இப்போது வெறும் பூந்தொட்டி. எங்கள் கூரைத் தண்ணீர் மட்டும் இன்றும் தாழிக்குள்தான் இறங்குகிறது. குழாயில் பத்து நாள் தண்ணீர் வராத மாதங்களில் இந்தத் தெருவே அதில் மொண்டு குடித்திருக்கிறது.

அந்தத் தாழியை மண் கொட்டி மூட வேண்டும் என்று கொசு ஒழிப்புக்காரி ஓடால்மிஸ் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னாள்.

"நீங்களே பாருங்க பெரியவரே. கூத்தாடிப் புழு. ஒண்ணில்ல, மூணு. போன மாசமும் இதே தாழிதான்."

"உன் டார்ச் வெளிச்சத்துல தூசிகூட புழுவாத்தான் தெரியும்."

"தூசி நெளியுமா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிபியானாவின் தலை எழுந்தது. அவள் வீட்டில் சண்டைச் சத்தம் கேட்காத நாளில்லை. எங்கள் வீட்டில் கேட்டால் மட்டும் ஏணி போட்டு ஏறிவிடுவாள்.

"நான் அப்பவே சொல்லல? என் பேரன் பதினோரு நாள் டெங்குல கெடந்தானே, அது எங்கேருந்து வந்துச்சாம்? இந்த அரண்மனைத் தாழியிலேருந்துதான்!"

"மொதல்ல உன் கோழிக்கூட்டக் கழுவு, பிபியானா."

"கோழி கொத்தி யாருக்கும் காய்ச்சல் வந்ததில்ல, ஸ்டேஷன் மாஸ்டரே!"

முப்பத்தெட்டு வருடம் ரயில் நிலையத்தில் கொடி பிடித்தவன் நான். என்னிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை. ஓடால்மிஸ் குனிந்து தாளில் எழுதிக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை மண்வண்டி வரும். அன்று மாலை தெருக் கூட்டத்தில், கொசு வளர்த்த வீடு என்று எங்கள் குடும்பப் பெயரை வாசிப்பார்கள். இரண்டாவது முறை புழு பிடிபட்டால் அதுதான் விதி.

"தாழியில கொசுப்புழு வளரவே முடியாது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

என் பேத்தி யாரெலிஸ். பத்து வயது. கையில் மருந்துச் சொட்டு விடுகிற சின்ன ரப்பர் குழாய்.

"ஏன் முடியாது, டாக்டரம்மா?"

"ஒத்தக்கண்ணி தின்னுடும்."

"அப்ப இந்த மூணும் அது கண்ணுல படலையா? ஒத்தக்கண்ணுங்கிறதால விட்டுட்டுதோ?"

பிபியானா சுவர் அதிரச் சிரித்தாள். யாரெலிஸ் சிரிக்கவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்றாள்.

நுண்ணோக்கி வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் என் மகள் மரியேலா, அங்கே கழித்துப்போட்ட பழைய ரஷ்யக் கருவியைத் தூக்கிவந்து பெண்ணிடம் கொடுத்திருந்தாள். விளக்கு கிடையாது; அடியில் ஒரு சிறு கண்ணாடி வெயிலைப் பிடித்து மேலே அனுப்பும். அதனால் மின்வெட்டிலும் அந்தப் பெண் ஜன்னலை விட்டு நகர மாட்டாள். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று எங்கள் தாழியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். "தாத்தா, நம்ம தண்ணியில ஒத்தக்கண்ணுப் பூச்சி இருக்கு! வால் பக்கம் ரெண்டு முட்டைப் பை!" என்று அவள் முதல் முறை கத்தியபோது, பிபியானாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று நான் ஜன்னலைச் சாத்தினேன். வெயில் போய்விட்டது என்று அழுதாள். குடிக்கிற தண்ணீருக்குள் இப்படித் துருவிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல வீட்டில் செய்கிற காரியமா அது?

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

அவளுக்குப் புதிதாய்ப் பொரித்த கொசுப்புழு வேண்டியிருந்தது. நேரே பிபியானாவின் கதவைத் தட்டினாள்.

"அத்தை, உங்க வீட்ல கொசுக் குஞ்சு இருக்கா?"

"என்னடி கேள்வி இது? என் வீட்ல ஒண்ணே ஒண்ணு கண்டுபிடி, உன் தாத்தாவுக்கு நான் காப்பி போட்டு அனுப்புறேன்!"

ஐந்தே நிமிடத்தில் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தகரத்தில் ஒரு கூட்டமே கிடைத்தது. பெரிதும் சிறிதுமாக நெளிந்தன. சிறிது நேரத்தில் சுவர்மேல் ஒரு கோப்பை காப்பி வந்து உட்கார்ந்தது. சர்க்கரை போடவில்லை. நானும் கேட்கவில்லை, குடித்தேன்.

இரண்டு கிண்ணம். ஒன்றில் தாழித் தண்ணீர் அப்படியே. மற்றொன்றில் அதே தண்ணீர், மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டியது. இரண்டிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சு பத்து, பெரிய புழு ஐந்து. புதன்கிழமை ஜன்னல் பக்கம் வெயிலே இல்லை. கிண்ணங்களோடும் கருவியோடும் முற்றத்துக்கும் மொட்டை மாடிக்கும் ஏழு தடவை ஏறி இறங்கினாள். "சாப்பிட வாடி" என்று மரியேலா கூப்பிட்டதெல்லாம் வீண். வியாழக்கிழமை எண்ணியதில் ஏதோ பிசகு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டாள்.

"குனிஞ்சு பாருங்க தாத்தா. ஒரு கண்ண மூடிக்கணும்."

எனக்குக் கண்ணில் புரை உண்டு. கண்ணாடி போட மாட்டேன். ஆனால் நுண்ணோக்கியின் குழாய் வழியே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நிலா போன்ற ஒரு வட்டம். அதற்குள் பேரிக்காய் வடிவில் ஓர் உயிர், நெற்றியில் சிவப்பாய் ஒற்றைக் கண். வெட்டி வெட்டி நகர்ந்து, ஒரு குஞ்சுப் புழுவை விலாவில் பிடித்தது. புழு துள்ளியது, மடங்கியது, திரும்பத் திரும்பத் துள்ளியது. ஒற்றைக்கண்ணி பிடியை விடவில்லை.

"வடிகட்டினதுல பத்தும் உசிரோட இருக்கு. இதுல ஒண்ணுகூட இல்ல. ஆனா பெருசு அஞ்சையும் இதால தொடக்கூட முடியல."

"அதனால?"

"தாழியில பொறந்தா சின்னதுலயே செத்துடும். ஓடால்மிஸ் பிடிச்சது மூணும் பெருசு. அப்ப அது வேற எங்கயோ வளர்ந்திருக்கு. யாரோ தாழியில கொண்டுவந்து ஊத்தியிருக்காங்க. தாழியில யாரு தண்ணி ஊத்துறா?"

"மழை."

"வேற?"

"வேற யாருமில்ல."

பொய் சொன்னேன். என் வயதில் பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னேன்.

என் அறையில் வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை இருக்கிறது. அதன்மேல் இறந்துபோன எங்கள் ஏழு பேருக்கு ஏழு கிளாஸ் தண்ணீர். திங்கட்கிழமை விடியலில் பழைய தண்ணீரைத் தெருவில் வீசிவிட்டுப் புதிதாய் ஊற்றி வைப்பது இங்கே எல்லோருக்கும் வழக்கம். என் மனைவி நெரெய்தாவின் தண்ணீர், பிபியானாவின் கோழிகள் மிதிக்கும் சாக்கடையில் ஓடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆறு வருடமாக அதைத் தாழிக்குள்தான் ஊற்றுகிறேன். அறைக்குள் யாரையும் விடுவதில்லை. ஓடால்மிஸையும்தான். "அங்கே ஒண்ணுமில்ல, கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்பேன். அவளும் வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கும் சோதனை அட்டையில் போட்டுவிட்டுப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நெரெய்தாவின் கிளாஸை நானே எடுத்துவந்து ஜன்னலருகே வைத்தேன். பூ வெட்டிய தடித்த கண்ணாடி. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. யாரெலிஸ் ரப்பர் குழாயால் உறிஞ்சி ஒரு வெள்ளைத் தட்டில் விட்டாள். நான்கு புழுக்கள் நெளிந்தன.

"வாரா வாரம் மாத்துறேனே" என்றேன்.

தீக்குச்சியால் கிளாஸின் உள்விளிம்பைச் சுரண்டி, அதை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். கறுப்பாய், படகு போல, பளபளவென்று முட்டைகள். எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"தண்ணிய மாத்துறீங்க. கிளாஸத் தேய்ப்பீங்களா?"

தேய்த்ததில்லை. கடைசி நாளில் நெரெய்தா அதில்தான் தண்ணீர் குடித்தாள். அந்த விளிம்பில் நான் கை வைத்ததே கிடையாது. இதைச் சொல்லவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

யாரெலிஸ் தட்டை மூடிவைத்தாள். "தாத்தா, நாளைக்கு நான் ஒத்தக்கண்ணி தின்னத மட்டும் காட்டுறேன். கிளாஸப் பத்தி சொல்லல."

"அப்படி உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாருமில்ல. உங்களுக்குக் கோவம் வருமேன்னு..."

"பாதிச் சேதி அனுப்புறதாலதான் ரெண்டு ரயிலு மோதும். முழுசும் சொல்லணும். நீ சொல்லக் கூடாது. நான் சொல்றேன்."

அன்றிரவு பிபியானாவின் பேரன் சுவருக்கு அப்பால் ஓடி விளையாடுவது கேட்டது. இளைத்துத்தான் போயிருந்தான். போன மாதம் அவனைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது நான் வாசலில் நின்று பார்த்தேன். என் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைத்தேன்.

திங்கள் காலை எட்டு மணிக்குக் குதிரை வண்டியில் மண் வந்தது. ஓடால்மிஸ் நுண்ணோக்கியில் பார்த்தாள். முதலில் விளையாட்டாக; பிறகு யாரெலிஸ் நகரச் சொல்லியும் நகராமல். இரண்டு கிண்ணத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சரிடி, உன் ஒத்தக்கண்ணி வேலக்காரிதான். ஒத்துக்கிறேன். ஆனா பெருசு மூணும் எங்கேருந்து வந்துச்சு? அதச் சொல்லாம நான் ரிப்போர்ட்ட மாத்த முடியாது."

ஏணி சாய்கிற சத்தம் கேட்டது. பிபியானா ஏறும்வரை காத்திருந்தேன்.

"என் அறையிலேருந்து" என்றேன். "எங்க வீட்டுல செத்தவங்களுக்கு வைக்கிற கிளாஸ்ல முட்டை ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான் தேய்க்கல. அந்தத் தண்ணிய நான்தான் தாழியில ஊத்தினேன். ஓடால்மிஸ அறைக்குள்ள விடாததும் நான்தான். வா, பாரு."

வண்டிக் குதிரை காலை உதைத்தது.

"பதினோரு நாள்" என்றாள் பிபியானா. கத்தவில்லை.

"ஆமா" என்றேன்.

ஓடால்மிஸ் அறைக்குள் போய் வந்தாள். ஏழில் மூன்று கிளாஸில் புழு. பழைய தாளைக் கிழித்து, புதிதில் ‘தாழி’ என்ற இடத்தில் ‘படுக்கையறை’ என்று எழுதினாள். பேனா நின்றது.

"நாலு வருஷமா பார்க்காத ரூமுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், பெரியவரே. சாயங்காலம் உங்க பேரோட என் பேரும் வரும்."

"வரட்டும்."

மண்வண்டி வந்த வழியே திரும்பியது. நான் ஏழு கிளாஸையும் முற்றத்துக்கு எடுத்துவந்தேன். தண்ணீரைத் தெருவில், காய்ந்த புழுதியில், எல்லோரும் பார்க்க ஊற்றினேன். மரியேலா உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்றேன். சாம்பலும் நாரும் வைத்துத் தேய்த்தேன். நெரெய்தாவின் கிளாஸைக் கடைசியாக எடுத்தேன். யாரெலிஸ் விளிம்பைச் சுரண்டி லென்ஸில் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு. மறுபடி."

மறுபடி தேய்த்தேன்.

"ஒண்ணு."

மூன்றாவது முறை அவள் நிமிர்ந்து, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

கூட்டம் ஆறு மணிக்கு. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு, ஐந்தரைக்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.