சம்பந்தி வடித்த சுண்ணாம்புத் தண்ணீர்

பெண் கேட்டு வடக்கே மொந்தெர்ரே நகரத்திலிருந்து வருகிறார்கள் என்றதுமே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை உபால்டோ தங்கமான பிள்ளை. பயமெல்லாம் அவன் அம்மா லியோனோரை நினைத்துத்தான். வசதிக்காரி, அளந்துதான் பேசுவாள். அவளிடம் என் மகள் எதெல்வினா எப்படிக் குப்பை கொட்டப் போகிறாள்? தெற்கே எங்கள் ஓஹாகா மலையிலிருந்து அது கூப்பிடு தூரமா, அழுதால் ஓடிப்போய்ப் பார்க்க?

பெண் கேட்கும் விருந்துக்கு முதல்நாளே வந்துவிட்டார்கள். வாசலில் வாளியில் சுண்ணாம்பு கரைத்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். அடுக்களையில் எதெல்வினா மக்காச்சோளப் பானையில் ஒரு கைப்பிடி சுண்ணாம்பு போட்டு அடுப்பில் ஏற்றினாள். சம்பந்தியம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விடிந்து பார்த்தால் அவளே சோளத்தைக் கழுவி, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்தும் வந்திருந்தாள். பரவாயில்லையே, உடம்பு வணங்குகிறதே என்று நினைத்தேன்.

உறவெல்லாம் கூடியது. எதெல்வினா உருண்டை பிடித்தாள், உதிர்ந்தது. தட்டிக் கல்லில் போட்டாள், டோர்ட்டியா ரொட்டி நாலாகப் பிளந்தது. அடுத்ததும் அப்படியே.

"மாவுதான் என்னவோ மாதிரி இருக்கும்மா."

என் நாத்தனார் குதேலியா சும்மா இருப்பாளா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒரு டோர்ட்டியா தட்டத் தெரியல, இவளுக்குக் கல்யாணம் ஒண்ணு."

எல்லாரும் சிரித்தார்கள். என் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

லியோனோர் எழுந்து நின்றாள்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. பானைத் தண்ணிய வடிச்சுக் கொட்டினது நான்தான். சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்ப அவசரத்துல சோளத்துல போட்டுட்டாளேன்னு நெனச்சேன். சொன்னா மனசு நோகுமேன்னு சத்தமில்லாம நல்ல தண்ணி மாத்தி வேக வச்சேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது, கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

"ஏன் சம்பந்தி, உங்க ஊர்க் கடையில வாங்குற சோள டோர்ட்டியாவுல என்ன இருக்குன்னு நெனச்சீங்க? இதே சுண்ணாம்புதான்."

"வடக்கே நாங்க வீட்டுல கோதுமைதான் தட்டுவோம். இதெல்லாம் நான் எங்க கண்டேன்? வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதா?"

"அள்ளி வாயில போட்டா வாய் வெந்துதான் போகும். யாரு அப்படித் திங்கச் சொன்னா? இது சமையலுக்குன்னே வாங்குறது, வாளியில இருக்கிறது வேற. ஒரு பானைக்கு ஒரு பிடி. ஊறினதும் தோலு கழண்டு வரும், நல்லா அலசிடுவோம். ஒட்டுறது எலும்புக்குத்தான் பலம். அது இல்லாட்டி மாவு ஒண்ணோட ஒண்ணு பிடிக்காது. நீங்களே பாத்தீங்களே."

"கூடிப்போனா?"

"மஞ்சளாயிடும், கசக்கும். குதேலியா பேச்சு மாதிரி."

குதேலியாவே சிரித்துவிட்டாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொரு உருண்டை மாவு வந்து சேர்ந்தது. லியோனோர் கைவளையலைக் கழற்றிவிட்டு எதெல்வினா பக்கத்தில் உட்கார்ந்து தட்டினாள். ஒன்றாவது வட்டமாக வரவேண்டுமே! ஆனாலும் விடவில்லை.

சாப்பாடு முடிந்து பாத்திரம் எடுக்கையில் எதெல்வினா என் காதோரம் வந்தாள். "அம்மா, அவங்களப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்களே, என் மேல கோபமா இருப்பாங்களோ?"

"அசடே, அவ கமுக்கமா இருந்திருந்தா யாருக்குத் தெரியும்? அத்தனை பேர் நடுவுல உன்னைத் தலைகுனிய விடாம தன் தலையக் கொடுத்தவடி அவ. தைரியமாப் போ" என்றேன்.