இரட்டையில் பிறந்த மயிலைக்காளை

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதல்லயே சொல்லிப்போடறேனுங்க. கணபதிங்கற ஊர்ல எங்க ஊட்டுக்கு என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்க, கேசரியை மென்னுக்கிட்டே கேட்டாங்க: "அண்ணனோட இரட்டையாப் பிறந்த பொண்ணுங்களா? மாட்டுல அப்படிப் பிறந்தா சினை நிக்காதுங்களே."* எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மனுசங்களை வச்சு எழுதினா சொந்தக்காரங்க சண்டைக்கு வருவாங்க. அதனால ஒரு காளையை வச்சு எழுதறேன்.

(*மனுசருக்கு இது பொருந்தாதுங்க. டாக்டரைக் கேட்டுப்போட்டுத்தான் எழுதறேன்.)

2

மதுக்கரை மலையடிவாரத்தில் சூரியன் மெல்ல... [வேண்டாம். சூரியனுக்கு இதுல வேலையில்லை.]

கிருபாவதி தன் சாம்பல்நிற மயிலைக்காளையை ஊர் மாடுகளைச் சினைப்படுத்தும் பொலிகாளையாக விட ஆசைப்பட்டாள். கன்றிலிருந்தே அவள் வளர்த்தது. ஆனால் இரட்டையில் பிறந்தது. கூடப் பிறந்த கிடாரிக்கு நாலு தடவை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை.

மாட்டு விஷயத்தில் ஊரே யோசனை கேட்கிற தங்கராஜ் சொல்லிவிட்டார்: "தங்கச்சி மலடுன்னா அண்ணன் மட்டும் என்னத்தைக் கிழிச்சுப்போடும்? காயடிச்சு வண்டியில பூட்டுங்க அம்மணி." அதற்குப்பின் ஒருத்தரும் மாட்டை ஓட்டி வரவில்லை. அவள் புருசன் டேவிட்சன் திங்கட்கிழமைக்குக் காயடிக்க ஆள் சொல்லிவிட்டான்.

[தங்கராஜைக் கெட்டவராக்கப் பார்த்தேன், வரலீங்க. கிடாரி விஷயத்துல அவர் சொன்னது சரி. அதையே காளை தலையிலயும் கட்டினதுதான் தப்பு.]

3

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிருபாவதி கால்நடை டாக்டர் ஷ்ரவ்யாவைக் கையோடு கூட்டி வந்தாள்.

"வயித்துக்குள்ள ரெண்டு கன்னோட ரத்தமும் கலந்துபோகுதுங்க. அதுல கெட்டுப்போறது பொட்டைக்கன்னுதான். காளைக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா வாய்ச்சொல்லை நம்பாதீங்க, விந்தை எடுத்துப் பார்த்துப்போடலாம்" என்றார் டாக்டர்.

பார்த்தார். கிருபாவதியும் ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு, டாக்டர் கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். கலைத்துவிட்ட எறும்புப்புற்று மாதிரி அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஏனுங்க, ஓடியாந்து பாருங்க!"

டேவிட்சன் பார்த்தான். காயடிக்கிறவருக்கு அவனே போன் போட்டு வரவேண்டாம் என்றான். கிருபாவதி காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

4

முடிவு ஒன்று: பத்தாம் மாசம் ஊரெல்லாம் கன்று. [அதுவரைக்கும் கதையை எங்கே கட்டிவைக்கிறது?]

முடிவு இரண்டு: தங்கராஜ் மன்னிப்புக் கேட்கிறார். [கேட்கமாட்டாருங்க.]

முடிவு மூன்று: புதன்கிழமை காலை. அவள் வாசலில் மூன்று மாடுகள். மூன்றாவதன் கயிறு தங்கராஜ் கையில்.

"ஏனுங்க அம்மணி, நம்ம மாடு பருவத்துக்கு வந்து விடியறதுக்கு முன்னாலயே கத்த ஆரம்பிச்சிருச்சுங்க. இன்னைக்கு உட்டா இருபத்தொரு நாள் காத்துக்கெடக்கோணும்."

"காளைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மாடுதானுங்க. டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க" என்றாள் கிருபாவதி. தங்கராஜ் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவரை உள்ளே விட்டாளா, திருப்பி அனுப்பினாளா? நான் எழுதமாட்டேன். நீங்களே முடிச்சுப்போடுங்க. எனக்கு நேரமில்லை, என் பிள்ளைங்க ரெண்டும் இந்தப் பேனாவுக்கு அடிச்சுக்குதுங்க.

ஆமாங்க, இரட்டைதான். கேசரி தின்னவங்களைப் பார்த்தாச் சொல்லிப்போடுங்க.