சுவருக்குப் பிடித்த கிரகணம்

பதினெட்டு ஆண்டு, பதினொரு நாள், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தையல்காரி வீட்டு நடுச்சுவரில் ஒரு பகுதி காணாமல் போகும். நிலா பூமியின் நிழலைவிட்டு வெளியே வந்ததும் ஒரு செங்கல் குறையாமல் திரும்பிவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தங்கை, பல் செட் செய்பவள். அம்மா இறந்த மறுமாதம் அம்மாவின் கம்பளிக் கோட்டை அக்கா கேட்காமல் வெட்டித் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டாள். பேச்சு முற்றி வீடு இரண்டானது. சமையலறை அக்காவுக்கு, குளியலறை தங்கைக்கு, அக்கா வாசல் முன்தெருவில், தங்கை வாசல் பின்தெருவில். "இனி உன் வாசப்படிய மிதிச்சா என் பேர மாத்திக்கிறேன்" என்றாள் அக்கா. சொன்ன சொல் தவறாதவள் என்று பெயரெடுத்தவள். அதுவே வினையாயிற்று.

முதல் கிரகணம் அந்த ஆண்டே விடியற்காலை மூன்று மணிக்கு வந்தது. சுவரில் உள்ளங்கை அகலம் இல்லாமல் போய், தங்கையின் குறட்டை இந்தப் பக்கம் கேட்டது. தையல்காரி திரும்பிப் படுத்தாள். இரண்டாவது பட்டப்பகல் பதினொரு மணிக்கு. நிலா பூமிக்கு மறுபக்கம் இருந்ததால் ஊரில் யாருக்கும் தெரியவில்லை, சுவருக்குத் தெரிந்திருந்தது. ஜன்னலளவு திறந்தது. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தால், அச்சிலிருந்து மேல்வரிசைப் பல்லைக் கழற்றிக்கொண்டிருந்தாள் தங்கை.

"நரைச்சிட்டியே" என்றாள் அக்கா.

"உனக்கு மட்டும் கருகருன்னா இருக்கு?"

அவ்வளவுதான் பேச்சு. அன்று தையல்காரி மூன்று சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள்.

பேன்ட் அளவு கொடுக்க வந்த கணக்கு வாத்தியார் விஷயத்தைக் கேட்டுப் பென்சிலால் கணக்குப் போட்டார். "அடுத்தது சாயங்காலம் ஏழு மணிக்கு. நிலாவுல நிழல் கொஞ்சம்தான் கூடும்." சுவர் நிலாவைவிடத் தாராளம் என்பது அவருக்குத் தெரியாது.

இடையில் தங்கைக்கு நெஞ்சுவலி கண்டு ஆம்புலன்ஸ் வந்ததைத் தையல்காரி சுவரில் காதை வைத்தே தெரிந்துகொண்டாள். படியை மிதிக்கவில்லை. நாலாம் நாள் அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்ட பிறகுதான் ஊசியில் நூல் கோத்தாள்.

தையல்காரியின் அறுபத்தாறாம் வயதில், வாத்தியார் சொன்ன மாலையில், நிலா கறைபடிந்தே உதித்தது. சுவர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டது.

"வாயேன்."

"சொன்ன சொல்லு இருக்கே."

"வாசப்படியதானே மிதிக்க மாட்டேன்ன? இங்க படி எங்க இருக்கு, பாரு."

தையல்காரி குனிந்து பார்த்தாள். தரை சமமாகத்தான் இருந்தது. கால் எடுத்து வைத்தாள். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தையல் மெஷினைத் தூக்கி வந்தார்கள்.

"அந்தக் கோட்டு?"

"பூச்சி அரிச்சிடுச்சு."

"நல்லதாப் போச்சு, சனியன்."

ஒன்பது மணிக்குச் சுவர் திரும்பியது. இனி அவள் வெளியே வருவதென்றால் தங்கையின் படியை மிதித்துத்தான் வர வேண்டும். சொன்ன சொல் தவறாதவள், வரவில்லை. சீருடைக்கு அளவு கொடுப்பவர்கள் இப்போது பின்தெருவுக்குப் போகிறார்கள். அடுத்த கிரகணத்தின் தேதியை வாத்தியார் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார். தையல்காரி அதை வாங்கி, பின்பக்கம் திருப்பி, அவருடைய இடுப்பளவை எழுதிக்கொண்டாள்.