ஒற்றைப் புள்ளிக்காரன்

எழுபத்திரண்டு வயதில்தான் ட்சுஜி குமெசோவுக்குத் தன் பெயரை எழுத வந்தது. அதுவரை அந்தப் பெயரை எழுதியவள் அவர் மனைவி தொமியே. வாடகைச் சீட்டோ, ஆஸ்பத்திரித் தாளோ, பக்கத்து வீட்டுச் சாவுக்குக் காசு வைத்துக் கொடுக்கும் உறையோ, எல்லாம் அவள் கை. கையெழுத்துக்குப் பதிலாக அவர் தன் பெயர் முத்திரையைக் குத்துவார், அவ்வளவுதான்.

அவளால் கூட வர முடியாத நாட்களில் வலது கையில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு கிளம்புவார். கை சரியில்லை, நீயே எழுதிவிடம்மா என்று அலுவலகத்தில் சொல்வார். எழுதிக் கொடுப்பார்கள். ஒருமுறை வங்கியில் கட்டுப்போட்ட கையாலேயே சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்துவிட்டார். எதிரே இருந்த பெண் பார்த்துவிட்டாள். அந்த வங்கிக்கு அப்புறம் அவர் போனதே இல்லை. அவர் வேலை பார்த்த ஒசாகா துறைமுகத்தில் அந்தக் காலத்து மூட்டை தூக்கிகளில் இப்படிக் கட்டுப் போட்டவர்கள் நிறையப் பேர். ஒருவரைப் பற்றி ஒருவர் வெளியே சொல்ல மாட்டார்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் தொமியே செத்துப்போனாள். எரித்து எடுத்த எலும்புகள் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியில், சோற்றுப் பானைக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தன. வழக்கப்படி நாற்பத்தொன்பதாம் நாளே அடக்க இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. எலும்புப் பெட்டிகளை வைப்பதற்கென்று மலைமேல் இருக்கும் நகராட்சி எலும்புக்கூடத்தில் இடம் வாங்க மனுப் போட்டதும் அவள்தான், காசு கட்டியதும் அவள்தான். ஆனால் வைக்கும்போது கணவன் நேரில் வந்து தன் கையால் மனு எழுத வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். முடியாதென்றால் வேறு யாராவது எழுதலாமாம். அது அவருக்கு ஒப்பவில்லை. நாற்பது வருஷம் அவருக்காக எழுதினவள். அவளுக்காக எழுதும் ஒரே ஒரு தாளில் இன்னொருத்தன் கை படுவதா?

அதனால்தான் எழுத்து வகுப்பில் சேர்ந்தார். சமூகக்கூடத்தின் மாடியில், செவ்வாயும் வெள்ளியும், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். வருகிறவர்கள் எல்லாம் கிழடுகள். பாதிப் பேர் இகுனோ பக்கத்துக் கொரியப் பெண்கள்.

சேர்ந்த முதல் நாளே வாத்தியார் அம்மா நாகிராவிடம் கறாராகச் சொல்லிவிட்டார், பெயர் மட்டும் வந்தால் போதும் என்று. அவள் கேட்கவில்லை. நதி, மலை, பெரியது, நாய், கணவன், மனைவி என்று ஒரு சொல்லுக்கு ஓர் எழுத்தே வரும் சுலபமானவற்றில் ஆரம்பித்தாள். பெயரை அவர் வீட்டிலேயே பழகினார், மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பார்த்து. ட்சுஜி என்றால் நாற்சந்தி. ஒரு கூட்டல் குறி, அதைச் சுமந்துகொண்டு ஓடும் ஒரு சாலைக் கோடு, கோட்டின் தலையில் புள்ளி. அட்டையில் புள்ளி இரண்டு. குமெசோவும் இரண்டு போட்டார். மூன்று மாதத்தில் கட்டம் போட்ட நோட்டுகள் நான்கு தீர்ந்தன.

நான்காவது நோட்டைப் பார்த்த நாகிரா, நன்றாக வந்துவிட்டது என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கையால் எழுதும்போது ஒரு புள்ளி போதும் என்றும் சொல்லி வைத்தாள்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. அரசாங்கம் அச்சடித்த அட்டையில் இரண்டு இருக்கிறது, இவள் ஒன்று என்கிறாள். யாரை நம்புவது? இரண்டு பேரையுமே நம்ப வேண்டாம் என்று வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் எலும்புக்கூடத்தில் கேட்ட தாள்களைச் சேர்த்தார். தகன அனுமதிச் சீட்டு ஏற்கெனவே கையில் இருந்தது. வார்டு அலுவலகத்தில் பழைய குடும்பப் பதிவின் நகல் வாங்கினார். வீட்டுக்கு வந்து இரண்டையும் மேசைமேல் விரித்து, தன் பெயரைத் தேடினார். வாழ்நாளில் முதல்முறையாகத் தேடினார், கண்டும் பிடித்தார். அதுவரை நல்லதுதான்.

அனுமதிச் சீட்டு இயந்திரத்தில் அச்சானது. அதில் இரண்டு புள்ளி. குடும்பப் பதிவு, அவர் தொமியேவைக் கட்டிய வருஷத்தில் எவனோ ஒரு குமாஸ்தா கையால் எழுதியது. அதில் ஒரே புள்ளி.

குமெசோ அன்று பகல் சாப்பிடவில்லை. கல்யாணம் செய்துகொண்ட ட்சுஜி ஒருவன், எரிக்க அனுமதி வாங்கிய ட்சுஜி வேறொருவன் என்று ஆகிறதே. இரண்டையும் கொண்டுபோய் நீட்டினால், நீ அவள் புருஷன் இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ என்பார்கள்.

அவர் பயம் கிறுக்குத்தனம் இல்லை. முன்பு கிடங்கில் ஒரு பெட்டி விழுந்து கால் நசுங்கியபோது, மேஸ்திரி ஒரு தாளை வாசித்துக் காட்டி முத்திரை வாங்கினான். வாசித்தது ஒன்று, எழுதியிருந்தது ஒன்று. குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாக அவரே ஒப்புக்கொண்ட தாள் அது. மூன்று மாதம் கழித்துத் தொமியே படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. தாளில் இருக்கிறதுதான் செல்லும், ஆள் சொல்வது செல்லாது. அன்று கற்றதை அவர் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில், என்ன விஷயம் என்று சொல்லாமல், நாகிராவிடம் பொதுவாகக் கேட்டார். ஒரு புள்ளி கூடினால் குறைந்தால் எழுத்து மாறிவிடுமா? சில எழுத்து மாறும் என்றாள் அவள், பொய் சொல்லத் தெரியாதவள். பெரியது என்ற எழுத்தின் தோளில் ஒரு புள்ளி வைத்தால் நாய் ஆகிவிடும். அதைத்தான் போன மாதம் படித்தோமே என்றாள்.

"படிச்சோம். நான் புள்ளிய விட்டுட்டேன்னு நீங்க செவப்பு மையில அடிச்சீங்க," என்றார் குமெசோ. "நாய்க்குப் புள்ளி விட்டா தப்பு. எனக்குப் புள்ளி விட்டா பரவால்லயா?"

நாகிரா சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். விவரமாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கும் பத்திரிகைக்கும் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் போட்டது. பட்டியலில் இருந்த எழுத்துகளைச் சுருக்கினார்கள். சாலைக் கோடு வரும் எழுத்துகளில் இரண்டு புள்ளியை ஒன்றாக்கினார்கள். ட்சுஜி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அது நடுவில் நின்றுபோனது. கணினி வந்தபோது முதலில் ஒரு புள்ளியாகக் காட்டினார்கள், சில வருஷம் முன்பு விதியை மாற்றி இரண்டாக்கினார்கள். எழுதுகிற கை மட்டும் ஒன்றிலேயே இருந்துவிட்டது. எல்லாம் ஒரே எழுத்துதான்.

பக்கத்து மேசையில் இருந்த பாக் புன்னி வாய்விட்டுச் சிரித்தாள். எண்பது வயதுக் கொரியக்காரி, ஊறுகாய்க் கடை வைத்திருந்தவள்.

"உன்ன மாதிரியேதான்யா உன் எழுத்தும். பள்ளிக்கூடப் பக்கமே போகாம சுத்தியிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். குமெசோ நோட்டை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

புன்னி மூச்சு வாங்க மாடிப்படி இறங்கிப் பின்னாலேயே வந்தாள். மிதிவண்டிகள் நிற்கும் இடத்தில் பிடித்துவிட்டாள். சும்மா சொன்னதற்குக் கோபமா என்று கேட்டாள். கோபமில்லை என்றார். பிறகு எப்படி வந்ததோ, பெட்டியையும் இரண்டு தாள்களையும் பற்றி அவளிடம் சொல்லிவிட்டார். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"அந்தத் தாளுப்படி அவ புருஷன் வேற எவனோ," என்றார்.

புன்னி சிரிக்கவில்லை. "எனக்குப் பேரே ரெண்டு. கடைப் பலகையில ஜப்பான் பேரு, எங்கம்மா வெச்சது இன்னொண்ணு. வெளிநாட்டுக்காரி அட்டையில ரெண்டையும் சேத்து அடிச்சு வெச்சிருக்கான். அறுவது வருஷமா ஒவ்வொரு ஆபீஸ்லயும், ரெண்டும் நாந்தான்டான்னு சொல்லிட்டு வரேன். நீ ஒரு ஆபீஸ்ல சொல்ல மாட்டியா?"

"சொன்னா நம்புவானா?"

"நம்ப மாட்டான். நின்னு சொல்லணும். வாய மூடிக்கிட்டு வந்தீன்னா பெட்டி உன் வீட்லயேதான் கெடக்கும். உனக்கப்புறம் அத யாரு எடுப்பா?"

அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது.

திங்கட்கிழமை காலையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலிலும் பேருந்திலும் போனார். எலும்புக்கூடத்து அலுவலகத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் முதல் எழுத்து நதி. இரண்டாவது அவருக்குத் தெரியவில்லை. தாள்களை வாங்கிக்கொண்டாள், மனுவையும் பேனாவையும் நீட்டினாள், பெயர் எழுதும் கட்டத்தைக் காட்டினாள்.

குமெசோ பேனாவைப் பிடித்தார். ஒன்று போட்டால் அனுமதிச் சீட்டு அவரைப் பொய்யன் என்னும், இரண்டு போட்டால் குடும்பப் பதிவு பொய்யன் என்னும். பேனா நுனி தாளுக்கு மேலேயே நின்றது. கை வலிக்குதா ஐயா, நான் எழுதட்டுமா என்று கேட்டாள் அந்தப் பெண். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், முடிந்தது. ஐம்பது வருஷம் சொல்லிப் பழகின சொல், நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கை நல்லாத்தான் இருக்கு. எனக்கு எழுத்து தெரியாது," என்றார். "மூணு மாசமா படிக்கிறேன். இந்த ரெண்டு தாளும் ஒரே ஆளத்தான் சொல்லுதா, பாத்துச் சொல்லு. என்னை ஏமாத்தாத."

அவளுக்கு முதலில் புரியவில்லை. விரலை வைத்துக் காட்டினார், இதில் ஒன்று, அதில் இரண்டு. அவள் குனிந்து பார்த்தாள். இத்தனை நாளாக இங்கே வேலை பார்க்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை என்றாள். கணினியில் தட்டிப் பார்த்தாள். எப்படித் தட்டினாலும் இரண்டு புள்ளிதான் வந்தது. இந்த இயந்திரத்துக்கு ஒன்று தெரியாது என்று ஒப்புக்கொண்டாள்.

"ரெண்டும் நீங்கதான் ஐயா. நான் சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய், ஒரு பழைய உறையைக் கொண்டுவந்தாள். இடம் கேட்டுத் தொமியே எழுதிய மனு. அதை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

குமெசோ தொமியேவின் கையெழுத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். படித்தது அன்றுதான். முதல் வரியில் அவள் பெயர். இரண்டாம் வரியில், இன்னும் சாகாத ஆள், பின்னால் வரப்போகிறவர் என்ற கட்டத்தில், ட்சுஜி குமெசோ. ஒற்றைப் புள்ளி. பேனாவை அழுத்தி வைத்திருந்தாள். பெயருக்குப் பக்கத்தில், உறவு என்ன என்ற கட்டத்தில் நான்கே கோட்டில் ஓர் எழுத்து. அந்தப் பெண் வாசித்துச் சொல்ல வாயெடுத்தாள். குமெசோ கையைக் காட்டி நிறுத்தினார்.

"கணவன்," என்று படித்தார்.

பிறகு மற்ற இரண்டு தாள்களிலும் அதே எழுத்தைத் தேடினார். அனுமதிச் சீட்டில் இருந்தது. குடும்பப் பதிவில் இருந்தது. மூன்றிலும் நான்கே கோடு. யாரும் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பேனாவை எடுத்து எழுதினார். கூட்டல் குறி, ஓடும் கோடு, புள்ளி ஒன்று. அழுத்தம் அதிகமாகிப் புள்ளி இருந்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது. வேறு தாள் தரட்டுமா என்று கேட்டாள் அந்தப் பெண். வேண்டாம் என்றார். அவள் கிழிசலை விரலால் தடவிச் சமன்செய்து, அதற்குப் பக்கத்தில் முத்திரை குத்தினாள். இருவரும் எழுந்தார்கள். பெட்டியை வாங்கிக்கொள்ள அவள் இரண்டு கையையும் நீட்டினாள். குமெசோ கொடுக்கவில்லை. இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு, தானே தூக்கிப் போனார்.