நாலாவது ஜாப் கார்டு

...ஒரே அடி போதும், முன்பல் நாலும் வாய்க்குள்ளேயே உதிர்ந்துவிடும், அப்புறம் இந்தச் சிரிப்பைச் சிரிக்கட்டும் பார்க்கலாம், என்று நினைத்தபடி டார்லா காப்பி குடித்த காகிதக் கோப்பையைக் கசக்கினாள். மடியில் கைப்பை, பைக்குள் வீல் ஸ்பானர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் லானி ஒரு கிழவரிடம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான், புருஷனின் கூடப்பிறந்த தம்பி, இந்த ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர், பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரிலேயே தங்கமான பையன் என்று மாமியார் சொல்லிச் சொல்லிப் பூரித்த பிள்ளை. தங்கம்! அந்தத் தங்கத்தை உரசிப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். ஒரே கோளாறுக்கு நாலு தடவை வண்டியை விட்டும் சரியாகவில்லை என்று எழுத்தில் இருந்தால் கம்பெனிக்காரன் வாயைத் திறக்க மாட்டான், லாரியைத் திரும்ப எடுத்துக்கொள்வான், மேட்டில் நடந்த விபத்தும் கியர்பெட்டியின் தலையில்தான் விடியும் என்று வக்கீலம்மா சொன்னாள். பையைக் கவிழ்த்துத் தேடினாலும், ரிப்பேருக்கு விடும்போது எழுதித் தரும் ஜாப் கார்டு மூன்றுதான். மூன்றிலும் ஒரே பல்லவி, கஸ்டமர் சொல்வது: கியர் தானாக நழுவுகிறது, ஓட்டிப் பார்த்தோம், கோளாறு தெரியவில்லை. நாலாவது எங்கே? செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் கறி சுட்டுக்கொண்டிருந்தபோது, லானியேதான் சாவியைக் கேட்டு வாங்கிப் போனான், வீட்டு வண்டிக்கு எதுக்கு ஜாப் கார்டு, ஷெட் காலியாத்தான் இருக்கு, நானே பாத்துடறேன் என்றான். அவளும் பல்லை இளித்துக்கொண்டு அவனுக்கு பீச் பழப் பலகாரம் சுட்டுக் கொடுத்தாள். தன் கையால் மாவு பிசைந்து! அந்தக் கையை உடைத்தால்தான் என்ன?

மாவு பிசைந்த கை... அதே கைதான் டெஹாச்சபி மேட்டில் ஸ்டியரிங்கில் இருந்தது. கியர் நழுவி, எஞ்சின் சும்மா உறுமி, லாரி ஏறாமல் திணறியது, ஓரங்கட்டினாள், புருஷன் வேட் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இறங்கினான், பின்சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன், அப்படியே இரு என்றான். இருந்தாள். வெயில், கதவு அறையும் சத்தம், பிறகு லாரி மெல்லப் பின்னால் போனது, மெல்லத்தான், யாரோ தள்ளுகிற மாதிரி, அடியில் காய்ந்த கட்டை முறிகிற சத்தம். அது கட்டை இல்லை. வேட் அலறவே இல்லை, அதுதான் இன்னும் காதில் நிற்கிறது. இடுப்பு மூன்று துண்டு. எண்ணெய்க் கிணற்றில் இருபது வருஷம் இரும்பு தூக்கியவன் இப்போது மூத்திரத்துக்கு அவள் கையைப் பிடிக்கிறான், பிடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஏன் திருப்பிக்கொள்கிறான்? வெட்கமா? வேறு ஏதாவதா? கியர் லீவரை ஓட்டுநர், சக்கரத்தைப் பூட்டும் பார்க்கிங்கில் போடாமல், நியூட்ரலில் விட்டிருப்பார் என்று கம்பெனி கடிதம் எழுதியிருக்கிறது. எழுதியவன் கையில் கிடைத்தால் குரல்வளையைக் கடித்துத் துப்பியிருப்பாள். கிடைத்தது லானிதான்.

கிழவர் போனார். டார்லா எழுந்து போய்க் கவுண்டரில் கையூன்றி, செப்டம்பரில் வண்டியைப் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடு என்றாள். லானி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்.

"எழுதுனா என் வேலை போயிடும், டார்லா."

"வேட் இடுப்பு போச்சே, அதுக்கு என்ன சொல்றே?"

அவன் பேனாவை உருட்டினான். உருட்டியபடியே, கேட்காததையும் சொன்னான்.

"ஒரே கோளாறுக்கு நாலாவது கார்டு போடாதேன்னு மேனேஜர் சொல்லியிருந்தாரு. அதனாலதான் ஞாயித்துக்கிழமை..."

ஆக உபகாரமே இல்லை. பலகாரத்தைத் தின்றவன், தட்டை வழித்து நக்கியவன், கணக்காக நாலாவதை மறைத்தவன். ஸ்பானர் எப்போது பையை விட்டு வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியாது, கம்ப்யூட்டர் திரை நடுவில் பிளந்தது, அடுத்த அடியில் கவுண்டர் கண்ணாடி சிதறியது, ஒரு சில்லு லானியின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. யாரோ போலீஸைக் கூப்பிடச் சொன்னார்கள். மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியது, இந்தத் தடவை தலைக்கு, நேராகத் தலைக்கு, ஆனால் லானி ஒதுங்கவில்லை. கண்ணாடித் தூளைப் புறங்கையால் தள்ளிவிட்டு ஒரு வெற்று ஜாப் கார்டை இழுத்துப் போட்டான். செப்டம்பர் தேதி போட்டான், கஸ்டமர் சொல்வது என்று போட்டான், கியர் நழுவுகிறது என்று போட்டான், தாளில் ரத்தம் சொட்டியதையும் துடைக்கவில்லை. பிறகு இன்னொரு தாளை எடுத்தான், மேட்டில் நடந்ததற்கு. அதையும் சேர்த்தே எழுதிவிடலாம் என்றான்.

"நீ எப்படிச் சொல்றியோ அப்படியே எழுதறேன். வேட் இறங்குனப்போ லீவர் எங்க இருந்துச்சு? பார்க்கிங்லதானே?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வெயில், கதவு அறையும் சத்தம், தொண்டை வறண்டிருந்தது, வலது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது, இறங்கி... லீவருக்குப் போனதா, பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குப் போனதா? விரலில் ஈரம் ஞாபகம் இருக்கிறது. லீவரின் குமிழ் ஞாபகம் இல்லை. லானி புருவத்தை அழுத்திப் பிடித்தபடி பேனாவோடு காத்திருந்தான், அவள் கையில் ஸ்பானர் இன்னும் ஓங்கியே இருந்தது, இனி அதை யார் மேல் இறக்குவது என்றுதான் தெரியவில்லை.