முத்தரின் எட்டுச் செலவும் சிவயோகத்தின் கூழும்

பட்டாளத்து முத்தர் செத்து எட்டாம் நாள், மடத்துவெளியில் மூன்று வீட்டு அடுப்புகள் போட்டிக்கு எரிந்தன. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிற நாள் அது, எட்டுச் செலவு என்பார்கள். அன்றைக்கு மட்டும் மச்சம், சைவம் பார்ப்பதில்லை. சுருட்டுக்காரருக்குச் சுருட்டு, சாராயக்காரருக்குச் சாராயம். இலையின் நடுவில் எதை வைக்கிறார்களோ அதுதான் மனுசனுக்கு உயிர் என்று ஊர் முடிவுகட்டிவிடும். அந்த நடு இடம், பனங்கிழங்கு மாவில் தான் காய்ச்சுகிற ஒடியற்கூழுக்குத்தான் என்பதில் சிவயோகத்துக்கு ஒரு மயிரளவு சந்தேகமும் இல்லை.

ஏன் இருக்கவேணும்? முத்தர் பக்கத்து வளவுக்காரர், தனி ஆள். இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஆள் நுழைகிற அளவில் ஒரு பொட்டு உண்டு. கூழ் காய்ச்சுகிற நாளில் அந்தப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, பனையோலையில் கோலின பிளாவைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் சொல்லுகிற சொல் மாறினதே இல்லை.

"பிள்ளை சிவயோகம், எகிப்து வனாந்தரத்தில தலைக்கு மேல குண்டு விழேக்கையும் எனக்கு இந்தக் கூழின்ர நினைவுதான். இதுக்காகத்தான் உயிரோட திரும்பி வந்தனான்."

வெள்ளைக்காரனுடைய பட்டாளத்தில் அவர் எகிப்துக்குப் போன காலத்தில் சிவயோகம் மூக்கொழுகுகிற சின்னப் பெட்டை. அப்ப எந்தக் கூழை நினைத்தாராம்? அவர் சொல்லவில்லை, இவள் கேட்கவுமில்லை. புகழ்ந்து சொல்லுகிற மனுசனிடம் போய் யாராவது வருசக் கணக்குப் பார்ப்பார்களா?

அதுவும் இவளுக்கு வேறு எந்தத் திக்கிலிருந்து புகழ் வரப்போகிறது? புருஷன் தியாகேசன் மாத்தறையில் கடை வைத்திருக்கிறார். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வந்து போவார். சாப்பிடக் குந்தினால் அவர் வாயில் ஒரே சொல்தான், உப்பு. கூடினாலும் உப்பு, குறைந்தாலும் உப்பு. எல்லாம் சரியாக இருந்தால் மூச்சே வராது.

போன பொங்கல் கழிந்த கையோடு நடந்ததை அவள் செத்தாலும் மறக்கமாட்டாள். வேலியடியில் நின்று ஊர்க்கதை கதைத்துவிட்டு வந்து, போட்ட உப்பையே மறுபடியும் கூழுக்குள் போட்டுவிட்டாள். தியாகேசன் ஒரு மிடறு குடித்தார். எழும்பிப் போய் வேலிக்கு அங்கால் துப்பினார்.

"என்னப்பா, கடலை அள்ளி அடுப்பில வைச்சனீரோ?"

வந்திருந்த மச்சான்மார் மச்சாள்மார் எல்லாரும் பிளாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிவயோகத்துக்கு நிலம் பிளந்தால் உள்ளே போகலாம் போல இருந்தது. அப்பதான் முத்தர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஆறுதலாக, ருசித்து, அடிமண்டி வரைக்கும் குடித்தார். பிறகு பிளாவை நீட்டினார்.

"இன்னும் ஒரு பிளா வாரும் பிள்ளை. தியாகேசு, மாத்தறைத் தண்ணி குடிச்சு உமக்கு நாக்குப் பழுதாப் போச்சு."

மூன்றாம் தரமும் வாங்கிக் குடித்தார். சிரித்தவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். சிவயோகம் குசினிக்குப் பின்னால் போய் நின்று சந்தோசத்தில் அழுதாள். அன்று பின்னேரம் முழுக்க முத்தருடைய கிணற்றுத் துலா கிறீச்சிட்டபடியே இருந்தது. கத்தரிக்கு இறைக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்ப அந்த மனுசன் இல்லை. கூழ்ப் பானையைத் துணியில் பிடித்துக்கொண்டு அதே பொட்டுக்குள்ளால் சிவயோகம் குனிந்து போனாள். செத்தவீட்டுக்கென்று வந்து நின்ற தியாகேசன் பின்னால் பிளாக்கட்டோடு வந்தார்.

முத்தர் வீட்டு விறாந்தையில் அவருடைய படம், பட்டாளத்துத் தொப்பியைச் சரித்துப் போட்டு ஒரு கள்ளச் சிரிப்போடு. முன்னால் தலைவாழை இலை. கொள்ளி வைத்த மருமகன், அக்கா மகன் பரராசசிங்கம் அகப்பையோடு நின்றான். தெற்கு வீட்டு இலட்சுமிப்பிள்ளை உதிர்த்து வறுத்த சுறா வறையோடும், கமலாதேவி ரீச்சர் கத்தரிக்காய்க் குழம்போடும் முன்னமே வந்து குந்தியிருந்தார்கள்.

"தம்பி, கூழை நடுவில வையும்," என்றாள் சிவயோகம்.

"கூழ் ஏன் நடுவில?" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "முத்தண்ணை என்ர சுறா வறைக்கெண்டே உயிரை விட்டவர். குண்டு விழேக்கையும் இதின்ர நினைவுதான் எண்டு எத்தினை தரம் எனக்குச் சொன்னவர்."

சிவயோகத்தின் கை பானை மூடியிலேயே நின்றுவிட்டது.

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிப்படுத்தினார். "எங்க விழேக்கை? எகிப்து வனாந்தரத்திலயோ?"

"ஓம்."

"இதுக்காகத்தான் உயிரோட திரும்பி வந்தனான் எண்டும் சொன்னவரோ?"

"சொன்னவர். உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கும் சொன்னவர்," என்றார் ரீச்சர். "கத்தரிக்காய்க்கு."

 பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சிவயோகத்துக்குச் சொன்ன கதையில் குண்டு இடது முழங்காலில் பட்டிருந்தது. ரீச்சருக்கு வலது முழங்கால். இலட்சுமிப்பிள்ளைக்குத் தோள்பட்டை. மூன்று வீட்டுக்கு மூன்று யுத்தம் நடத்தியிருக்கிறார் மனுசன். தியாகேசன் சிரிப்பை அடக்க ஏலாமல் தூணுக்கு அங்கால் திரும்பி நின்றார். பரராசசிங்கம் எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்துத்தான் நயினாதீவிலிருந்து வள்ளமேறிக் கதிர்காமர் வந்து சேர்ந்தார். முத்தரோடு ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போய், ஒன்றாகத் திரும்பி வந்தவர். மூன்று பெண்களும் அவரைக் கதிரையில் இருத்தி வழக்கை வைத்தார்கள். முத்தண்ணைக்கு உண்மையாகவே எதின்ர ருசி பிடிக்கும்?

"ருசியோ? முத்தனுக்கோ?"

கிழவர் சிரிக்கத் தொடங்கினவர், இருமல் வந்துதான் நின்றார்.

"அவனுக்குக் குண்டும் படேல்லை, ஒரு மண்ணும் படேல்லைப் பிள்ளையள். நாங்கள் ரெண்டுபேரும் பட்டாளத்துக் குசினியில வெங்காயம் உரிச்சனாங்கள். ஒருநாள் லொறியில இருந்து தகர ரின்னில அடைச்ச இறைச்சிப் பெட்டி ஒண்டு அவன்ர உச்சந்தலையில விழுந்தது. அதோட மணமும் போச்சு, ருசியும் போச்சு. வெள்ளைக்கார டொக்டர் நம்பாமல், காய்ச்சலுக்குக் குடுக்கிற கொயினா மருந்தை அவன்ர நாக்கில விட்டுப் பாத்தவர். அந்தக் கைப்பு. இவன் இன்னும் கொஞ்சம் தாங்கோ எண்டு கேட்டவன்."

"எல்லாரையும் பேய்க்காட்டிப் போட்டார்," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "அப்ப ஏன் வீடு வீடாத் திரிஞ்சவர்?"

"நானும் கேட்டனான். தனியக் குந்திச் சாப்பிட்டால் தொண்டைக்குள்ள இறங்குதில்லையடா எண்டான்."

இலட்சுமிப்பிள்ளை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சிவயோகத்துக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மற்றவர்களுக்குப் போனது ஒரு பொய் மட்டும்தான். அவளுக்கு அந்த உப்புக் கூழ் நாளே போய்விட்டது. வாழ்க்கையில் ஒருத்தர் மனம் விட்டுப் புகழ்ந்தார் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது, கடைசியில் நாக்குச் செத்த மனுசனின் புகழ்ச்சி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள். உப்பே தெரியாத மனுசன் எதை நினைக்கிறது? படத்தைப் பார்த்து முறைத்தாள். அது சிரித்தது.

பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவம் என்று குனிந்தவளுக்குச் சட்டென்று அந்தத் துலாச் சத்தம் ஞாபகம் வந்தது.

நாக்குக்குத் தெரியாது, சரி. காது கேட்டதுதானே? தியாகேசன் துப்பினதைக் கண்ணால் கண்டவர்தானே? கூழுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் மூன்று பிளா வாங்கிக் குடித்திருக்கிறார். குடித்துவிட்டுப் பின்னேரம் முழுக்கக் கிணற்றடியில் தண்ணீர் குடித்தே வயிற்றை நிரப்பியிருக்கிறார். கத்தரிக்கு இறைத்தாராம், மண்ணாங்கட்டி. ருசி தெரிந்த ஒருவன் அதைக் குடித்திருப்பானா?

சிவயோகம் பானையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். முத்தருடைய குசினிக்குள் போனாள். உப்புச் சட்டியோடு வந்து, எல்லாரும் பார்க்கக் கை நிறைய அள்ளிக் கூழுக்குள் போட்டுக் கலக்கினாள்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?" என்று கதிர்காமர் பதறினார்.

"அவருக்கு இப்பிடித்தான் விருப்பம்," என்றாள். "நடுவில சுறா வறையை வையும் தம்பி. எனக்கு ஓரம் போதும்."

தீபம் காட்டி, கும்பிட்டு முடிந்து, படைத்ததைப் பகிர்கிற நேரம் வந்தது. கூழ்ப் பக்கம் ஒருவரும் தலைவைத்தும் பார்க்கவில்லை. தியாகேசன்தான் வந்து அவள் முன்னால் குந்தினார். அவராகவே பிளாவை எடுத்து நீட்டினார். அவள் வார்த்தாள். ஒரு மிடறு குடித்தார். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் கட்டியது. வாய் 'உ' என்று குவிந்தது.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு பெண்சாதியைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

"இஞ்சாரும்," என்றார், பிளாவை நீட்டி. "இன்னும் ஒரு பிளா வாரும்."

அதையும் குடித்துவிட்டு, எழும்பி, ஒருவரோடும் கதைக்காமல் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து போனார். கொஞ்ச நேரத்தில் அங்கால் வளவில் துலா கிறீச்சிடத் தொடங்கியது. அது நிற்கிற பாடாயில்லை. சிவயோகம் வெறும் பிளாவை மடியில் வைத்துக்கொண்டு, அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.