வத்சலா இட்ட திருமண்

திருமண் நேராக இல்லாதவன் பெருமாள் முன் பிரபந்தம் ஓதும் கோஷ்டியில் முன்வரிசைக்கு வரக்கூடாது என்று திருவிடந்தைக் கோயிலில் பலரை முறைத்தவன் நான். கண்புரை வந்து கண்ணாடியில் என் முகமே புகையாகிப்போனதும், தினமும் காலையில் வத்சலா முன்னால் குழந்தை மாதிரி உட்கார வேண்டியதாயிற்று. இடது கையால் என் முகவாயைப் பிடித்துக்கொண்டு மெல்ல இட்டுவிடுவாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு நேரம் அவள் என் முகத்தருகே இருந்ததில்லை. அது பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் என் நெற்றி என் கைக்குத் திரும்ப வேண்டும் என்றுதான், தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

செங்கல்பட்டு டாக்டர் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ்தான் மங்கியிருக்கிறதாம். அதை எடுத்துவிட்டு, அது இருந்த பைக்குள்ளேயே பிளாஸ்டிக் லென்ஸ் வைப்பாராம், ஆயுசுக்கும் இருக்கும். என் அப்பா போட்டிருந்த சோடாபுட்டி வேண்டாம், படிக்க மட்டும் சின்னக் கண்ணாடி போதும். மாமி கண்ணையும் பார்த்துவிடலாமா என்று கேட்டார். எனக்கென்ன, ஊசியே கோப்பேன் என்று வத்சலா சிரித்துவிட்டாள்.

கட்டுப் பிரித்துத் திரும்பும்போது, கடல் இவ்வளவு நீலமா என்று பஸ்ஸில் வாய்விட்டே கேட்டேன்.

ஒரு மாதம் முகத்தில் தண்ணீர் படக்கூடாது, அதனால் திருமண்ணும் இல்லை. அது முடிந்த காலை, பழக்கதோஷத்தில் திருமண் கிண்ணத்தோடு வந்தாள். கடைசியாக ஒருமுறை என்று முகத்தைக் காட்டினேன். பிறகு எழுந்து சுவர்க் கண்ணாடியைப் பார்த்தேன். இடது கோடு வளைந்து புருவத்தின் மேல் சரிந்திருந்தது. இதே கோலத்தில்தான் இத்தனை நாளும் முன்வரிசையில் நின்றிருக்கிறேன், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சுர்ரென்று கோபம் ஏறியது. கத்தத் திரும்பினேன்.

வத்சலா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பார்வை முறத்தில் இல்லை, விரல்கள்தான் தடவித் தடவித் தேடின. படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் முகவாயை நிமிர்த்தினேன். இரண்டு கண்மணியும் வெளுத்திருந்தன.

"எத்தனை நாளா?"

"ரெண்டு பேரும் படுத்துண்டா யார் பாத்துப்பா? மொதல்ல உங்களுக்கு ஆகட்டும்னுதான்."

திங்கட்கிழமை செங்கல்பட்டு போகிறோம் என்று மட்டும் சொன்னேன். அவள் தயங்கிக் கேட்டாள்.

"ஏன்னா, திருமண் சரியா இருக்கோ?"

"நன்னா இருக்கு. நாளைக்கும் நீதான் இடணும்."

அப்படியே கோயிலுக்குப் போய் முன்வரிசையில் நின்றேன்.